ஏழு நாள் மழை

"ஏழு பெட்டிதானே இருக்கு... எட்டாவதை ஏன் தேடுறீங்க?"

காதருகே கேட்ட குரலில் ரென்சோ திடுக்கிட்டுத் திரும்பினான். வால்டிவியா நகர நூலகத்துக் கணினிக்காகப் பின்னால் காத்திருந்தவள், சொட்டச் சொட்ட நனைந்த மழைக்கோட்டோடு... அப்பா, என்ன கண்கள்! மழை விட்ட ஆறு மாதிரி, கறுத்து, ஆழமாக...

"உங்களைக் கேட்டேனா?" என்றான் வெடுக்கென்று.

ஒரு மணி நேரமாக அந்த ஜாவா பயிற்சி அவனைப் பாடாய்ப் படுத்தியது. ஏழு நாள் மழையளவை 'அரே' என்னும் ஏழு பெட்டி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்கும் 'லூப்' ஓட்டி, அதிகம் பெய்த நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். படகுப் பட்டறை வேலையை விட்டுச் சேர்ந்த படிப்பு. இந்த முறையும் தோற்றால் வெளியேதான்.

"கேக்கலதான். நீங்க எழுந்தாத்தானே நான் உட்கார முடியும்?" அவள் குனிந்து திரையைக் காட்டினாள். "பூஜ்யத்துலேர்ந்து எண்ணினா ஆறோட முடிஞ்சுது. ஏழு வரைக்கும் போகச் சொல்ற அந்தச் சமக்குறியை எடுத்துடுங்க. அப்புறம்... அதிகபட்சத்தை லூப்புக்குள்ளேயே பூஜ்யமாக்கினா, ஒவ்வொரு சுத்துலயும் முன்னாடி பார்த்தது மறந்து போயிடுமே?"

மாற்றினான். ஓடியது!

"எங்கே படிச்சீங்க?"

"படிக்கல. ஆத்துப் படகுல டிக்கெட் கிழிக்கிறேன். உங்க வகுப்புக்காரங்க இங்கே விட்டுட்டுப் போற தாளையெல்லாம் எடுத்துப் படிப்பேன்." யாஸ்னா என்று பெயர் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை வியந்தார். "யாராவது உதவினாங்களா?"

"இல்ல டீச்சர், நானேதான்."

சொல்லிவிட்டுத் திரும்பினால்... நூலகத்தில் அவன் மறந்துவிட்ட நோட்டோடு வாசலில் யாஸ்னா! நோட்டை பெஞ்சில் வைத்து, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பார்வை அவனை இரண்டு நாள் அறுத்தது. மூன்றாம் நாள், கொட்டும் மழையில் படகுத்துறைக்கு ஓடி, அவள் படகில் ஏறினான்.

"டிக்கெட்?" முகம் பார்க்காமல் கேட்டாள்.

"டீச்சர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். மார்க் போச்சு, திரும்ப எழுதணும். நுழைவுத் தேர்வுக்கு உங்களை வரச் சொன்னாங்க."

"சிபாரிசா? வேண்டாம்."

"சிபாரிசா... எனக்கே அங்கே மரியாதை இல்லீங்க!"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுமையிழந்தாள். "ஏம்மா, சேர்த்துக்கோ, இல்ல இறக்கி விடு. படகு கிளம்பணும்!"

"இன்னும் ஒண்ணு..." அவன் டிக்கெட் காசை நீட்டினான். "உங்க மூளையைப் பார்த்துத்தான் முதல்ல மயங்கினேன். கண்ணெல்லாம் அப்புறம்தான்..."

"பொய்!"

"...ஆமா, பொய். கண்ணுதான் முதல்ல. ஆனா தூங்க விடாதது அந்த மூளை. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, யாஸ்னா."

படகு கரையை விட்டு நகர்ந்தது. அவள் ஆற்றைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "கோபமாத்தான் இருந்தேன்... ஆனா ஒவ்வொரு தடவை கரை சேரும்போதும், உன்னைத்தான் தேடினேன்."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது.