துப்பாண்டியின் முறை

ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது; மழையும் இல்லை, காற்றும் இல்லை. பள்ளியின் கைவேலை அறையில் நான்கு பேர் இருந்தார்கள். நால்வருக்கும் மாறி மாறிக் கொட்டாவி வந்தது. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸருக்கு மட்டும் வரவில்லை. அது திங்கட்கிழமை முதல் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது.

மாதிரி ரயில் மன்றத்துக்கு ஓர் ஏர்பிரஷ் தேவைப்பட்டது. பெயிண்டைக் காற்றோடு சேர்த்துப் பனிபோலத் தூவும் கருவி அது. கடைக்காரர் மூன்றைக் கொடுத்து, "ஒரு வாரம் அடிச்சுப் பாருங்க. பிடிச்சதை வெச்சுக்கிட்டு, மத்த ரெண்டையும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வண்டியில அனுப்பிடுங்க" என்று சொல்லியிருந்தார். எது வேண்டும் என்பதை எழுதி, ஆசிரியர் கையெழுத்திட்டு, வண்டி ஓட்டுபவரிடம் கொடுக்க வேண்டும்.

மூன்றுக்கும் பெயர் வைத்தாயிற்று. மெல்லிய உடலும் தலையில் கிண்ணமும் உடையது ராஜா. வயிற்றுக்கடியில் புட்டி தொங்குவது குடம். மூன்றாவதைத் துப்பாக்கிபோலப் பிடித்து விசையை இழுக்க வேண்டும். அது தூவுவதற்குப் பதிலாகப் பொட்டுப் பொட்டாகத் துப்பியது. ஆகவே, துப்பாண்டி.

"எழுதி முடிச்சிட்டேன் சார்" என்றான் மன்றத்தின் தலைவன். எட்டாம் வகுப்பு, எதையும் இருமுறை செய்யப் பிடிக்காதவன். "ராஜா முதலிடம். குடம் ரெண்டாமிடம். துப்பாண்டிக்கு இடமே இல்லை."

"அப்பாடா! கொண்டா" என்றார் ஆசிரியர். ஒரு வாரமாகப் பெயிண்ட் வாடையில் அவருக்குத் தலை கனத்தது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புவாள் என்பதால் அவளுக்கு அளவுகோல் என்று பட்டப்பெயர். தொட்டியருகே அவள் தம்பி கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தான். மன்றத்திலேயே சிறியவன். வாரம் முழுவதும் அவன் செய்தது அந்த ஒரு வேலைதான்.

ராஜாவின் பொத்தானை ஒரே விரலால் அழுத்தியபடியே பின்னுக்கும் இழுக்க வேண்டும். அவன் விரலுக்கு அது வசப்படவில்லை. குடத்திலும் அதே கதை. துப்பாண்டியை மட்டும் அவனால் முழுக்கையால் பிடித்து இயக்க முடிந்தது.

"டேய், ராஜாவை வாங்கிட்டா நீ என்ன பண்ணுவே?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கழுவுவேன். நான் நல்லாக் கழுவுறேன்னு சார் சொன்னாரே அக்கா!"

அவன் அழுதிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஆனாலும், தம்பிக்காகத் துப்பும் கருவியை எப்படி வாங்கச் சொல்வது? அவள் யோசித்தபடி, இன்று மதியம் பெயிண்ட் கலக்கிய கிண்ணத்தைக் கழுவப்போட எடுத்தாள். அடியில் ஒட்டியிருந்த மிச்சத்தைக் குச்சியால் தூக்கினாள். அது சொட்டவில்லை, பாகுபோல இழுபட்டது.

"அண்ணா, தினமும் எதை முதல்ல அடிச்சோம்?"

"ராஜாவை. பேரே ராஜா. பின்னே வரிசையிலயா நிக்க வைக்க முடியும்?"

"கடைசியா?"

"துப்பாண்டி."

"ஒவ்வொண்ணுக்கும் புதுசாப் பெயிண்ட் கலக்கினோமா?"

"எதுக்கு? மூணுக்கும் ஒரே கிண்ணம். அப்போதானே நியாயம்!"

"ஒரே கிண்ணம்தான் அண்ணா. ஆனா துப்பாண்டியோட முறை வர்றதுக்குள்ள பெயிண்ட் காய்ஞ்சு கெட்டியாயிடுதே. அஞ்சு நாளும் கெட்டிப் பெயிண்ட் அதுக்குத்தான் போயிருக்கு."

அவள் கிண்ணத்தையும் குச்சியையும் அவன் முன் நீட்டினாள்.

தலைவனின் முகம் சுருங்கியது. "உன் தம்பிக்காகத்தானே பேசுறே?"

"ஆமா. அவனைப் பார்த்துத்தான் யோசிச்சேன்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். "அதனால நான் எதையும் தொடமாட்டேன். நீங்களே அடிங்க. வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்க."

"மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று தலைவன் மேசைமேல் தலை சாய்த்தான்.

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தம் பேனாவைப் பார்த்தார். மூடியைக் கழற்றி எவ்வளவு நேரமாயிற்றோ, அதை அப்படியே மேசைமேல் வைத்தார். "அடிச்சிடுப்பா. என் தலைவலி எங்கேயும் ஓடிப்போகாது."

தலைவன் பெருமூச்சுவிட்டபடி ஒரு கிண்ணம் பெயிண்ட் கலக்கினான். இம்முறை துப்பாண்டி முதலில். வெள்ளை அட்டையில் நீல நிறம் சீராகப் படிந்தது. ஒரு பொட்டுகூட இல்லை. அவன் அட்டையைச் சாய்த்துப் பார்த்தான். அடுத்து குடம். கழுவித் துடைத்து மாட்டி முடித்தபோது, கடைசியாக ராஜாவின் முறை வந்தது.

'புளிச்.'

"ஐயோ, ராஜா துப்பிட்டாரு!" என்று தம்பி கைதட்டினான். கையிலிருந்த சோப்பு நுரை தலைவனின் காதில் தெறித்தது.

தலைவன் நுரையைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பை அடக்க முயன்றான், முடியவில்லை. பின்னர், யாரும் சொல்லாமலே, மூன்றுக்கும் தனித்தனியாகப் பெயிண்ட் கலக்கி அடித்தான். எதுவுமே துப்பவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றான். "மெல்லிசுக் கோடு போட ராஜாதான். துப்பாண்டி கோடு கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு. இதை நான் எழுதத்தான் செய்வேன்."

"எழுதுங்கண்ணா. உண்மைதானே?" என்றாள் அளவுகோல். "நம்ம ரயில்ல மெல்லிசுக் கோடு எங்கெல்லாம் வருது?"

தலைவன் அலமாரியில் நின்ற ரயிலைப் பார்த்தான். பெட்டிகள், கூரைகள், நடைமேடை எல்லாமே அகலமான பரப்புகள். "எஞ்சின்ல மட்டும்தான். அதை நான் சின்ன பிரஷ்ஷால போட்டுக்குவேன்." சற்று யோசித்துவிட்டுத் துப்பாண்டியைத் தம்பியிடம் நீட்டினான். "கழுவினது போதும். நீ அடி, பார்க்கலாம்."

தம்பி கையை உதறிவிட்டு வந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டியின் பக்கவாட்டில் விசையை இழுத்தான். நீலம் மெல்ல மெல்லப் பரவியது. முனையில் சற்று அதிகமாகி வழிந்தது.

"மூச்சு விடுடா" என்றார் ஆசிரியர்.

விட்டான்.

தலைவன் பழைய அறிக்கையைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதினான்: 'மூன்றும் நல்லவை. கோட்டுக்கு ராஜா. மன்றத்தில் எல்லோர் கைக்கும் அடங்குவது துப்பாண்டி. அதுவே வேண்டும்.'

வெளியே வண்டியின் ஹாரன் ஒலித்தது. ஆசிரியர் பேனாவை எடுத்துக் கையெழுத்திடப் போனார். பேனா எழுதவில்லை. ஓங்கி உதறினார். தாளின் ஓரத்தில் பெரிய பொட்டாக மை விழுந்தது.

"ரொம்ப நேரமாத் திறந்து கிடந்துச்சு சார்" என்றாள் அளவுகோல். "அது மேல தப்பில்லை."

"தெரியும்மா" என்றார் அவர் களைப்போடு. மறுபடி எழுதினார், இம்முறை கையெழுத்து விழுந்தது. ஊதி உலர்த்தித் தாளைத் தம்பியிடம் கொடுத்தார்.

தம்பி வாசலுக்கு ஓடினான். ராஜாவையும் குடத்தையும் பெட்டியில் வைத்துத் தலைவன் பின்னால் எடுத்து வந்தான். வண்டி ஓட்டுபவர் கையை நீட்டினார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்று அவன் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீலம் படிந்த தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கால்சட்டையில் துடைத்தான், நீலம் போகவில்லை. போகாததில் மகிழ்ந்து, தாளை இரு கைகளாலும் நீட்டினான்.