கால் சுடாத பாத்தி

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. உப்புப் பாத்தியில் நின்ற செசிலியின் பாதங்களோ குளிரில் விறைத்தன. பருவம் தொடங்கிப் பத்தொன்பது நாளாகத் தேங்கிக் கிடக்கும் கடல்நீரில் ஒரு பரல் உப்புகூட விளையவில்லை.

அவளே கேட்டு வாங்கிய குளிர்ச்சிதான். ஆறு வருடங்களுக்கு முன் இதே பாத்தியில் வெயில் தாக்கிச் சுருண்ட கணவனைத் தோளில் சுமந்து கரையேறியவள் அவள். தூத்துக்குடியைச் சுற்றி நிலத்தடியில் ‘சூடுண்ணி’த் தகடுகள் பதிக்க உப்பளத் தொழிலாளர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்தும் அவளுடையது. இந்தப் பருவத்துக்குச் சற்று முன் ஓடத் தொடங்கிய அவை, தரையில் இறங்கும் வெயிலின் சூட்டை உறிஞ்சி மின்சாரமாக்கும். வீட்டுக்கு வீடு குளிரூட்டி இலவசமாக ஓடியது. யாருக்குத்தான் கசக்கும்?

தகட்டு நிலையப் பொறியாளர் ஞானதுரை வரப்போரம் வந்து நின்றார்.

"தம்பி, வெயில் அடிக்கத்தான செய்யுது? தண்ணி ஏன் வத்த மாட்டேங்கு?"

"சூட்டைத் தகடு குடிச்சிருதுக்கா. தண்ணி எதை வச்சு ஆவியாகும்?"

"கடக்காத்தாவது காய வச்சிருக்கணுமே. அதையும் காணோம்."

"தரை சூடாகி மேல காத்து எழும்புனாத்தான் அந்த எடத்துக்குக் கடக்காத்து வரும். இப்ப தரை சில்லுனு கெடக்கு. காத்துக்கு இங்க என்ன சோலி?"

செசிலி ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். காற்று நின்றதால் ஊரில் புழுக்கம். புழுக்கம் தாங்காமல் குளிரூட்டிகள் ஓயாமல் ஓடின. அவற்றுக்கு மின்சாரம் போதாததால் நாளை கடற்கரை மணலிலும் தகடு பதிக்கப் போகிறார்கள்.

"நிறுத்திருங்க தம்பி. வெயில்ல வெந்தாலும் எங்க பாடு. உப்பு இல்லாட்டி நாங்க இந்த ஊர்ல எதுக்கு?"

"என் கையில இல்லக்கா. உங்க சங்கம் சொன்னா அடுத்த நிமிஷம் நிறுத்துதேன்."

மாலையே சங்கம் கூடியது. நடுவில் ஓலைக்கூடை. நிறுத்தச் சொல்பவர், இந்தப் பருவம் தன் பாத்தியில் விளைந்த உப்பில் ஒரு பிடி அதில் போட வேண்டும். ஒப்பந்தத்தைத் திருத்தவும் அதே ஒரு பிடிதான். வெளியாள் புகுந்து கெடுத்துவிடக் கூடாதென்று செசிலியே அடம்பிடித்து எழுத வைத்த விதி. உப்பு விளைவிக்காதவனுக்கு இங்கே என்ன பேச்சு என்று அன்று அவள் கேட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

நாற்பத்திரண்டு பேரும் வெறுங்கையோடு கூடையைக் கடந்து போனார்கள். கடைசியாக வந்த செசிலி கையை விரித்தாள். உள்ளங்கையில் வியர்வையின் கரிப்பு மட்டும் இருந்தது.

ஞானதுரை காலிக் கூடையை ஓரமாக நகர்த்தினார். பிறகு தலை நிமிராமல் பதிவேட்டில் எழுதினார்: ‘தகடுகள் தொடர ஒருமனதாகத் தீர்மானம்.’