மேல் கோடு

முதல் நாள் சாயங்காலம் கொத்தனார் உள்ளறைச் சுவரில் போட்டுவிட்டுப் போனது ஒரே ஒரு கோடு. காலையில் அவள் காப்பி டம்ளரோடு வந்து பார்த்தபோது இரண்டு இருந்தன.

கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போகிற வாசல் குட்டை. வீட்டை வாங்கிய நாளிலிருந்து அந்த நிலைக்கும் அவள் கணவனுக்கும் ஏழாம் பொருத்தம். நெட்டை மனுஷன், குனிய மறந்த நாளெல்லாம் நெற்றியில் ஒரு புடைப்பு. போன மாதம் தையல் போடுகிற அளவுக்குப் போன பிறகுதான் வாசலை இடித்து உயர்த்துவது என்று முடிவானது. கொத்தனார் நாடா பிடித்து அளக்கிற ரகம் இல்லை. வீட்டிலேயே உயரமான ஆளைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் விட்டுப் பென்சிலால் கோடு இழுப்பார். எத்தனை அடி என்று கேட்டால் ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஓர் அங்குலம் கூட்டித்தான் சொல்வார்கள் என்பது அவர் அனுபவம்.

இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு ஒரு முழத்துக்கும் மேலே இருந்தது. அழுத்தி இழுத்த கோடு. பென்சில் ஜன்னல் கட்டையில் கொத்தனார் வைத்த இடத்திலேயே கிடந்தது.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவது கணவனின் வழக்கம். இந்த வாசலில் மட்டும் இறக்கிவிட வேண்டும்; அதற்கு அந்தக் குட்டிப் பிசாசு செய்யும் ரகளை தெரு வரைக்கும் கேட்கும். விடியுமுன் வேலையாக வெளியூர் கிளம்பியவன், போகிற போக்கில் மகளையும் சேர்த்து அளந்துவிட்டுப் போயிருக்கிறான். பாசக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

"எந்தக் கோடும்மா?" என்று கேட்டார் கொத்தனார்.

"மேல இருக்கறதுக்கே இடிச்சுடுங்கண்ணே."

"ரொம்ப உசரமாப் போயிடுமே. ஒட்டகம் எதுவும் வளர்க்கப் போறீங்களா?"

"அவர்தான் போட்டுட்டுப் போயிருக்காரு. இருக்கட்டும்."

சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். பழைய சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கூடம் முழுக்கப் புழுதி. அதில் ஈர மண்ணின் வாடையும் கரையான் தின்ற மரத்தின் வாடையும் கலந்திருந்தன. மின்விசிறியை நிறுத்திவிட்டு மகளைச் சமையலறையில் உட்கார வைத்தாள். மத்தியானம் கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்கம்மா. நாம தினம் சாஞ்சு உக்கார்ற சுவத்துல தலை பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறுமே, அந்த மாதிரி இல்ல?"

உள்ளறைப் பக்கம், நிலைக்கு வெகு மேலே, சுவரில் ஒரு வட்டக் கறை. கறுத்து, வழவழவென்று. அவள் ஸ்டூலில் ஏறி முகர்ந்து பார்த்தாள். பழைய தலையெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

"இவ்ளோ உசரத்துல யாரு தலையைச் சாய்ச்சது?" என்று சிரித்தார் அவர். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அதற்குப் பிறகு அவள் உள்ளறைக்குள் போகவில்லை.

சாயங்காலத்துக்குள் பழைய நிலையைப் பெயர்த்து, மேலே கான்கிரீட் கட்டையை ஏற்றிவிட்டார்கள். புது நிலை வர ஒரு வாரம் ஆகும். அதுவரை கதவு கிடையாது; வெறும் திறப்பு. ஆட்கள் போன பிறகு அவள் கூடத்தைக் கூட்டினாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அந்தத் திறப்புக்கு முன்னால் கூடமே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. கீழ்ப்பாதியில் மகளின் பொம்மைப் பெட்டியும் ஜன்னலும் தெரிந்தன, மேல்பாதியில் இருட்டு மட்டும்தான். அடிக்கொரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கூட்டினாள். கணவனின் குரலைக் கேட்டால் தேவலை போல் இருந்தது. போன் செய்தாள்.

"மேல் கோட்டுக்கே இடிச்சாச்சுங்க. இனி ரெண்டு பேரும் இறங்காமலே போகலாம்."

"என்ன மேல் கோடு?"

"விளையாடாதீங்க. காலையில நீங்க போட்டது."

"நான் எங்கடி போட்டேன்? இருட்டுல எழுந்து குளிச்சுட்டு ஓடினேன். அந்த ரூம் பக்கமே போகலையே."

அவள் திறப்பின் பக்கம் திரும்பினாள். "கொத்தனார் மறந்துபோய்…" என்று அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அதைக் கேட்கவில்லை. எண்ணெய் நாற்றம் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

மகள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள்? தலைக்கு மேலே துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம். உத்தரத்தை ஒட்டி, மெதுவாக, உள்ளறைத் திறப்பிலிருந்து கூடத்துக்குள். நின்றிருந்த மின்விசிறியின் ஓர் இறக்கை அசைந்தது. யாரோ இடித்துக்கொண்ட மாதிரி. கால்வட்டம் சுற்றி நின்றது.

மகள் அண்ணாந்து பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் கேட்கவில்லை.

போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. மகளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். தெருக்கதவைத் தாண்டினாள். அது எப்போதுமே உயரமான கதவு. வீட்டிலேயே உள்ளறை வாசல் ஒன்றுதான் குட்டையாக இருந்தது. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. படியிறங்கும்போதுதான் அவள் யோசித்தாள். உள்ளே இருந்தது வெளியே வராமல் இருக்க.

தெருவில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மனிதர்களைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தாள். பெற்ற வயிறு அதை நம்பவும் செய்தது.

"என்னம்மா, இப்படி ஓடி வர்றே? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

"அக்கா, கொஞ்ச நேரம் உங்க வீட்டுல…"

 எதிர்வீட்டு அக்காவின் பார்வை மகள் மேல் இருந்தது. பிறகு மெல்ல மேலே போயிற்று. இன்னும் மேலே. கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். மகளின் ஒரு கை தன் கைக்குள். இன்னொரு கை காதை ஒட்டி நேராக மேலே நீண்டிருந்தது. பெரியவர் கையைப் பிடித்து நடக்கிற குழந்தையின் கை. விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன. அங்கே ஒன்றும் இல்லை.

"பட்டு, கையை இறக்குடி."

"விட மாட்டேங்கறாங்கம்மா."

அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அவள் மகளை வாரி இடுப்பில் அணைக்கப் பார்த்தாள். முடியவில்லை. குழந்தை கனக்கவே இல்லை. குதிகால்கள் தரையை விட்டிருந்தன. பிறகு கட்டைவிரல்கள். அவள் இரண்டு கையாலும் அந்தப் பிஞ்சு மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது. சைக்கிள்காரன்கூட நின்றான்.

மகளின் கை, அவள் பிடிக்குள்ளேயே, மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் நுனிக்காலில் நின்றாள்.