கடல்வாத்தின் சாட்சி

துறைமுக அறையில் படகுச் செய்திகளை வாங்கும் பெட்டிமேல் காபியைக் கொட்டியது நான்தான். கவிழ்ந்தது பாதிக் கோப்பை; போனது முழு மானம். அதே காலையில் ஆஸ்லெக்கின் படகு எஞ்சின் நின்று பாறைப் பக்கம் ஒதுங்கியது. அவள் அனுப்பிய உதவிச் செய்தி கரைக்கு வரவேயில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒருவர் கயிறு வீசி இழுத்து வந்தார்.

"இங்குன் அக்கா, காரணம் தெரியணும்" என்றாள் ஆஸ்லெக், ஈரத் தொப்பியைக்கூடக் கழற்றாமல். "சாயங்காலம் சங்கத்துல ஓட்டு. தெரியலன்னா எல்லாப் படகுலேருந்தும் பெட்டியைக் கழட்டிருவோம்."

படகு படகாக ஏறி அவற்றை மாட்டியவனும் நான்தான். எங்கள் தீவுகளுக்கு நடுவே அலைபேசிக் கோபுரம் கிடையாது. படகுகளில் மாட்டிய பெட்டிகளே செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும். அதுவும் ஒரே செய்தியை இரண்டு வழிகளில், இரண்டுக்கும் பொதுவாக ஒரு படகும் இல்லாமல். ஒன்று அறுந்தாலும் மற்றது கரைசேரும்.

"என் காபியாலயா அக்கா?"

பழைய வானொலி நிலையத்தில் வாழ்நாளைக் கழித்த இங்குன், படகுகள் புள்ளிகளாகத் தெரியும் திரையையே பார்த்தார். "அவ செய்தி எந்த வழியா வந்திருக்கணும்?"

"ஒண்ணு தோர்லைஃப் படகு. இன்னொண்ணு ஓட்வார் படகு. ரெண்டும் ஒரே நொடியில அடங்கிருச்சு."

"ஓட்வார் குளிர்காலத்துலயே போய்ச் சேர்ந்துட்டாரே."

"அவர் மருமகன் ஓட்டுறார்னு நினைச்சேன். அந்த ரெண்டு புள்ளியும் எப்பவும் ஒட்டிக்கிட்டேதானே போகும்? அவர் இருந்தப்பவும் அப்படித்தான்."

"நினைச்சியாக்கும். வா, நடந்துட்டு வரலாம்."

ஓட்வாரின் படகு கரையில் கட்டைகள்மேல் நின்றது. அதன் அடியில் ஒரு கடல்வாத்து முட்டைமேல் உட்கார்ந்து எங்களை முறைத்தது. இருவரும் தானாகவே குரலைத் தாழ்த்தினோம்.

"ரொம்ப நாளா இருக்கோ?"

"ரெண்டு மூணு வாரமா."

"அது இருக்கும்போது இந்தப் படகை யாராவது தள்ளுவாங்களா?"

"இந்தத் தீவுலயா? அடைகாக்குற கடல்வாத்தைக் கலைச்சா ஊரை விட்டே துரத்திருவாங்க அக்கா."

"அப்ப படகு கடலுக்குப் போகல. பெட்டி மட்டும் போயிருக்கு. தோர்லைஃப் பெட்டி அடங்குற அதே நொடியில அதுவும் அடங்கணும்னா, எங்க இருக்கும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வழி என்று நாங்கள் நம்பியது தோர்லைஃபின் ஒரே படகை! அது மலைக்குப் பின்னால் திரும்பியதும் இரண்டும் அறுந்துவிட்டன.

மாலையில் சங்கக் கூடத்தில் இங்குன் இதை நிதானமாகச் சொல்லி முடித்தார்.

"அப்ப காபி?" என்றேன்.

"கொட்டினப்புறமும் மத்த படகுச் செய்தியெல்லாம் வந்துச்சேடா. உன் காபிக்கு அவ்வளவு வீரியம் கிடையாது."

கூடமே சிரித்தது. தோர்லைஃப் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னை மீனுக்குப் போட்டிருப்பீங்களே அண்ணே!" என்றாள் ஆஸ்லெக். "எதுக்கு ரெண்டு பெட்டி?"

"காத்து காலையில வடக்கேருந்து..." என்று ஆரம்பித்தார் அவர். யாரும் மேலே கேட்கவில்லை. ஒரு படகுக்கு ஒரு பெட்டி என்று முடிவானது. பெட்டிகள் தப்பின.

வாசலில் தோர்லைஃப் ஓட்வாரின் பெட்டியை என்னிடம் கொடுத்தார். உப்புக்கறை இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். கொடுத்த பிறகும் அவர் விரல்கள் அதன் விளிம்பை விடவில்லை.

"ஏன் அண்ணே?"

"நாப்பது வருஷம் கடல்ல எனக்கு வலப்பக்கம் அவன் படகுதான். திரையில என் புள்ளி தனியா நின்னா, எனக்குக் கடலுக்குப் போகவே தெரியலடா."