மேசை இல்லாத மேசைக்கணினி

காலையில் ஜெசிந்தா தனக்கு மூன்று இட்லியும் தன் மணிக்கட்டுக்கு ஒன்றும் சாப்பிட்டாள்.

நிலவின் மறுபக்கத்திலுள்ள புதுக்கடலூரில் இது எல்லோருக்கும் வழக்கம்தான். அங்கே கைக்கணினி என்பது மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் பதித்த, புளியங்கொட்டை அளவுள்ள ஒரு சில்லு. அதற்கு மின்கலம் கிடையாது. ரத்தத்தில் ஓடும் சர்க்கரையில் சிறிது எடுத்து மின்சாரமாக்கிக்கொள்ளும். எழுத்தையும் படத்தையும் கண்ணில் பொருத்திய வில்லைக்கு அனுப்பும். அதிகம் அரட்டை அடிப்பவர்களுக்கு அதிகம் பசிக்கும்.

ஜெசிந்தாவின் ஏக்கம் பூமியைப் பற்றியது. நிலவு தன் ஒரே முகத்தைத்தான் எப்போதும் பூமிக்குக் காட்டுகிறது. ஆகவே மறுபக்கத்தில் பிறந்தவர்கள் வானத்தை எத்தனை வருடம் அண்ணாந்து பார்த்தாலும் பூமி தெரியாது. தொடர்வண்டியில் அந்தப் பக்கம் போக வேண்டும். அவள் கணவன் ரோச் வருடா வருடம் இரண்டு இருக்கைகள் பதிவு செய்வான். கடைசியில் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்வருவான்.

காரணம், அவள் வேலை. ஊரின் காற்றைக் கலந்து அனுப்பும் நிரலைப் பூமியிலிருந்து வந்த முதல் தலைமுறை எழுதியது. அது மேசைக்கணினிக்கென்று செய்த பழைய மேசை இயங்குதளத்தில் மட்டும் ஓடும். எழுதியவர்கள் இறந்துபோனார்கள், மாற்றி எழுத யாருக்கும் துணிவில்லை, ஏனென்றால் அந்த நிரலைத்தான் ஊரே சுவாசிக்கிறது. அது அவ்வப்போது ஏதாவது கேள்வி கேட்டுவிட்டு, யாராவது ‘சரி’ என்று சொல்லும்வரை காத்திருக்கும். அதன் முன் உட்கார்ந்து பதில் சொல்லத் தகுதி பெற்றவர்கள் ஜெசிந்தாவையும் சேர்த்து இரண்டே பேர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும்.

இந்த வருடம் பழைய மேசைக்கணினி முனக ஆரம்பித்தது. பராமரிப்புப் பொறியாளன் கலியபெருமாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

“அக்கா, இத உங்க கையிலயே ஓட்டிடலாம். அப்புறம் நீங்க எங்க வேணா போங்க. வண்டியில உக்காந்துக்கிட்டே ஊருக்குக் காத்து அனுப்பலாம்.”

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

மேசை இயங்குதளத்தைக் கைக்கணினியில் ஓட்டுவது எப்படி? அதனிடம் பொய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொய்களைச் சொல்வதற்காகக் கலியபெருமாள் எழுதிய நிரலுக்குப் பாவனைப்பொறி என்று பெயர். இயங்குதளம் கண் விழித்ததும் தன் உடம்பை விசாரிக்கும். விசைப்பலகை இருக்கிறதா? இருக்கிறது என்னும் பாவனைப்பொறி. பெரிய திரை? எதிரிலேயே இருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறதா? நன்றாகச் சுற்றுகிறது. தான் ஒரு பெண்ணின் தோலுக்கு அடியில், நாடித் துடிப்புக்குப் பக்கத்தில் கிடப்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கேட்ட கேள்விக்கு எதிர்பார்த்த பதில் வந்தால் அதற்குப் போதும்.

ஓடியது. ஜெசிந்தா எழுந்து கதவைத் தாண்டி நடந்தாள். காற்று நிரல் கூடவே வந்தது. தெருமுனையில் அவளுக்குக் கண் இருட்டியது.

மேசை இயங்குதளம் பெருந்தீனிக்காரன். அது தின்ற சர்க்கரை போக, கால்களுக்கு மிச்சமில்லை. யோசிக்கலாம் அல்லது நடக்கலாம். இரண்டும் ஒன்றாக முடியாது. ஆகவே கலியபெருமாள் ஒரு நாற்காலி கொண்டுவந்தான். உட்கார்ந்ததும் மணிக்கட்டு சுட்டது. சூட்டை வாங்கிக்கொள்ள ஓர் இரும்பு மேசை வந்தது. கையை அதன்மேல் வைத்தாள். அதுவும் போதாமல் சின்ன மின்விசிறி ஒன்றும் வந்தது. கண்வில்லை குறுஞ்செய்திக்காகச் செய்யப்பட்டது. மேசை இயங்குதளத்தின் பொடி எழுத்தை நாள் முழுக்கப் படித்தால் தலைவலித்தது. படத்தைப் பெரிதாக்க எதிரே வெள்ளைத் திரை கட்டினான். கடைசியாக, காற்றில் தட்டிய விரல்கள் வலிக்கின்றன என்றாள். விசைப்பலகை வந்தது.

பாவனைப்பொறி சொன்ன பொய்கள் ஒவ்வொன்றாக உண்மையாகிவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை. ரோச் மட்டும் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

“இதுக்குத்தான் பழசு இருந்துச்சே” என்றான்.

“அதைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாதுங்க” என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததால் அவன் அன்றே இரண்டு இருக்கைகள் பதிவு செய்தான்.

கலியபெருமாள் எல்லாவற்றையும் வண்டிப் பெட்டியில், ஜன்னலுக்குப் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தான். வண்டி புறப்பட்டது. ஜெசிந்தா கையை இரும்பில் வைத்து, வெல்லப்பாகு குடித்துக்கொண்டு, வழி நெடுக ஊருக்குக் காற்று அனுப்பினாள். அவள் தூங்கிய நேரத்தில் மட்டும் மற்றவர் ஊரிலிருந்த பழைய கணினியில் பார்த்துக்கொண்டார். நிரல் கேட்ட எந்தக் கேள்வியும் பதிலில்லாமல் நிற்கவில்லை.

மறுநாள் வண்டி ஒரு மேட்டில் ஏறி நின்றது. பெட்டியில் இருந்தவர்கள் ஜன்னல்கள் பக்கம் நெருங்கினார்கள்.

“ஜெசி, இங்க பாரு.” ரோச் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினான்.

“ஒரு நிமிஷம்.”

திரையில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. காற்றைப் பற்றியது அல்ல. அச்சுப்பொறி எதுவும் இணைக்கப்படவில்லை, தேடட்டுமா என்று இயங்குதளம் கேட்டது. நிலவில் அச்சுப்பொறி என்ற பொருளே இருந்ததில்லை. பதில் சொல்லாவிட்டால் யாருக்கும் மூச்சு முட்டாது. ஆனால் கேள்வி ஒன்று கண்ணெதிரே நிற்கும்போது திரும்பிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ‘வேண்டாம்’ என்றாள். ‘பிறகு நினைவூட்டவா?’ என்றது.

அவள் அந்த வரியைப் படிக்கக் கண்ணைச் சுருக்கினாள். ஜன்னல் வழியாக நீலமும் வெண்மையுமாக ஒரு வெளிச்சம் வந்து திரையில் விழுந்து, எழுத்தையெல்லாம் வெளிறச் செய்திருந்தது.

“என்னங்க,” என்றாள், தலையைத் திருப்பாமலே, “அந்த ஜன்னல் சீலையைக் கொஞ்சம் இழுத்து விடுங்களேன். ஒண்ணுமே தெரியல.”

ரோச் இன்னொருமுறை வெளியே பூமியைப் பார்த்தான். பிறகு எட்டிச் சீலையை இழுத்துவிட்டான். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.