கோதண்டத்தின் ஹெரால்டு

ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது அந்த வண்டி ஒரு முறை செருமியது. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அந்தோணிராஜ் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மழை விட்டிருந்த ஐப்பசிச் சாயங்காலம். பட்டாபிராமின் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தேங்கியிருந்த தண்ணீர் வடிந்து, சேறும் சாக்கடையும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. காலி மனைகளில் தவளைகள் கத்தின. ஆவடிப் பக்கமிருந்து வந்த மின்சார ரயில் ஆட்களை இறக்கிவிட்டுச் சோம்பலாக நகர்ந்தது. இத்தனை சத்தத்துக்கும் அடியில், தடித்த துணியை யாரோ ஒரே சீராகக் கிழித்துக்கொண்டே போவதுபோல அந்த இன்ஜின் ஓடியது. பெரிய தெரு முனை வரைக்கும் வந்தது. அங்கே அணைந்தது.

அப்படி ஓடும் வண்டி ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டி இப்போது கிடையாது.

அதை உண்டாக்கியவர்கள் அவரும் கோதண்டமும். கோதண்டம் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன்; அந்தோணிராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். துருப்பிடித்துக் கிடந்த பழைய ஹெரால்டு கார் ஒன்றைக் கோதண்டம் வாங்கி வந்து ஆவடியில் தன் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்திய நாளிலிருந்து, இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கொட்டகைதான். இன்ஜின் கூடுதலாக இழுக்க ஹெட்டைச் சீவினார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள். சைலன்ஸர் குழாயில் மணலை அடைத்து, நெருப்பில் காட்டி, தாங்களே வளைத்தார்கள். என்றாவது ஒரு நாள் சோழவரம் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது பேச்சு. பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை பெட்ரோல், காற்று, சூடு, சத்தம் என்று ஓயாது. கோதண்டத்தின் மனைவி பேபி டீயை வைத்துவிட்டுப் போவாள். அவள் வந்ததும் போனதும் இருவருக்கும் தெரியாது.

ஆடி மாதம் மஞ்சள் காமாலையில் கோதண்டம் போய்விட்டான். காரியம் முடிந்ததும் அந்தோணிராஜ் தயங்கித் தயங்கி வண்டியைக் கேட்டார். பேபி கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த வாரம் யாரோ சொல்லி, பூந்தமல்லி ரோட்டில் இருந்த காயலான் கடைக்கு அவர் ஓடியபோது கேஸ் கட்டர் கூரையைப் பாதி அறுத்திருந்தது. பேபி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இன்ஜினைச் சம்மட்டியால் இரண்டாக உடைக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

அதனால், வேறு யாரோ அதே மாதிரி குழாய் போட்டிருக்கிறார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் அந்தச் செருமல்? கிளட்ச் முழுதாக அழுந்துவதற்குள் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிப்பது கோதண்டத்தின் கெட்ட பழக்கம். வருஷக்கணக்காக அதற்காக அவனைத் திட்டியிருக்கிறார்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி அருள்செல்வியிடம், ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டதா என்று விசாரித்தார். அவள் முறத்திலிருந்து தலையை எடுக்காமல், இல்லை என்றாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. இந்த முறை இன்னும் கிட்டே, அவர் தெருவிலிருந்த தையல் கடை வரைக்கும். அதற்கு அடுத்த நாள் அவர் தெருவில் இறங்கி நின்றார். சத்தம் நேராக வந்தது, அவரைக் கடந்தது, காதிலிருந்து நெஞ்சுக்கூடு வரை அதிர்ந்தது. தெருவில் ஒன்றுமில்லை. குட்டையில் தேங்கிய தண்ணீர் அலுங்கவில்லை. ஆனால் முகத்தில் சூடு அடித்தது, கருகிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த மூச்சுபோல. டீக்கடைக்கு எதிரே நடுத்தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து, ஒதுங்கி, வழிவிட்டுவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் படுத்தது.

அன்றிலிருந்து ஜெபமாலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் சாயங்காலமானால் காது தானாகவே தெருவுக்குப் போனது. கேட்கக் கேட்க அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. இன்ஜினுக்கு உடம்பு சரியில்லை. முதலில் டாப்பெட் சத்தம், பல் கடிப்பதுபோல. பிறகு அடியில் ஒரு தட்டல். பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல, மெதுவாக, விடாமல். பேரிங்குக்கு ஆயில் ஏறவில்லை. இப்படியே ஓடினால் இன்ஜின் இறுகிப்போகும். இதை நினைத்தபோது அவருடைய கை ஸ்பேனர் பெட்டியின் மூடியைத் திறந்திருந்தது. எப்போது எழுந்து போனார் என்பது நினைவில்லை. அந்தச் சத்தத்தைவிட, அதைச் சரிசெய்யத் துடித்த தன் கையைக் கண்டுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆவடிக்கு, பேபி வீட்டுக்குப் போனார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பேபி தையல் மெஷின் போட்டிருந்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். முகம் தெளிந்து, சற்று சதை பிடித்திருந்தாள். அவர் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்க, அவளே கேட்டாள்.

"வண்டி வருதா அண்ணே?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டியை அறுத்த அன்று சாயங்காலமே அது தன் வாசலுக்கு வந்துவிட்டதாக அவள் சொன்னாள். வந்து நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு இடது பக்கக் கதவு திறக்கிற சத்தம். அப்புறம் ஒன்றும் கிடையாது. காத்துக்கொண்டிருக்கும்.

"பக்கத்து சீட்டுல ஏறி உக்காரணுமாம். அதான் அதுக்கு வோணும்" என்றாள். "மாங்காட்டு கோயிலுக்கு ஒரு தபா இட்டுகினு போன்னு எத்தினி வாட்டி கேட்டிருப்பேன். இன்ஜின் சூடாவும்னு சொல்லுவாரு. செத்தப்புறம் வந்து கதவத் தொறந்துட்டு நிக்கிறாரு."

"நீ இன்னாம்மா பண்ணே?"

"ஐப்பசி பொறந்ததும் வாசப்படில நின்னு சொன்னேன். என்கையில பேச உனக்கு ஒண்ணும் இல்ல, நீ யார்கையில பேசுனியோ அந்த ஊட்டுக்கே போன்னு. அன்னியோட இங்க வர்றதில்ல."

சொன்னதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. துணியில் ஊசி ஏறி இறங்கியது. யாராவது ஏறினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். தனக்குத் தெரியாது, தான் ஏறவில்லை என்றாள். அவர் கிளம்பும்போது டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

திங்கட்கிழமை மதியத்திலிருந்தே மழை. வெளிச்சம் முழுதும் அடங்குவதற்குள் கரண்ட் போயிற்று. அந்தோணிராஜ் ஜன்னல்களைச் சாத்தினார். வாசல் கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றார். அருள்செல்வி உள்ளறையில் இருந்தாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்த மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது.

ரயில்வே கேட். பெரிய தெரு. தையல் கடை.

தட்டல் இப்போது மோசமாக இருந்தது. இரும்பு இரும்பைத் தின்றது. ஒவ்வொரு தட்டலும் கதவு வழியாக அவர் முதுகெலும்பில் விழுந்தது.

வாசலில் நின்றது.

அணையவில்லை. திணறித் திணறி ஓடியது. கதவின் அடிச்சந்து வழியாகக் கருகிய ஆயில் வாடை உள்ளே வந்தது. மெழுகுவர்த்தி சாய்ந்தது.

இடது பக்கக் கதவு திறந்தது.

"நான் வரமாட்டேன், கோதண்டம்" என்றார்.

இன்ஜின் ஓடியது. காத்திருந்தது.

உள்ளறைத் திரை விலகியது. அருள்செல்வி கிறிஸ்துமஸுக்கு எடுத்த அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். தலை வாரியிருந்தாள். கையில் பை.

"தள்ளுங்க."

"எங்க போற?"

"வண்டி வந்து நிக்குது."

"உனக்குக் கேக்குதா?"

"மொத நாள்லேந்தே கேக்குது." அவள் நிதானமாகச் சொன்னாள். "கல்யாணமாகி இத்தினி வருசத்துல நீங்களா என்னை ஒரு வார்த்தை கேட்டது அதான். அதுவும் அந்த வண்டியப் பத்தி. பதில் சொல்லத் தோணல."

அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கையை உருவிக்கொள்ளப் போராடவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். பிடி தானாகத் தளர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. மழைக்காற்று உள்ளே வந்து மெழுகுவர்த்தியை அணைத்தது.

இருட்டில் அவள் செருப்புச் சத்தம். வாசல் கேட். பிறகு அடக்கமாக, பதமாக, கார் கதவு சாத்தப்படும் சத்தம்.

இன்ஜினின் தட்டல் நின்றது.

அவர் வெளியே ஓடினார். அதே நொடியில் கரண்ட் வந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டி எரிந்தன.

தெரு காலி. நடுவில் அருள்செல்வி மட்டும்.

உட்கார்ந்திருந்தாள். கீழே எதுவும் இல்லை. கால்களை முன்னால் நீட்டி, பையை மடியில் வைத்து, ஈர ரோட்டுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் போய்க்கொண்டிருந்தாள். மழை அவள்மேல் விழவில்லை. புடவைத் தலைப்பு அசையவில்லை. இன்ஜின் அவர் வாழ்க்கையில் கேட்டிராத அளவு சுத்தமாக ஓடியது. இரண்டாவது கியர். மூன்றாவது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வலப்பக்கம் முகத்தைத் திருப்பி, யாரோ சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். கையை உயர்த்தி எதையோ விளக்கினாள். சிரித்தாள். அவள் அவ்வளவு பேசி அவர் பார்த்ததே இல்லை.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சிவப்பு விளக்கு. தண்டவாளம் அதிரத் தொடங்கியது.

நான்காவது கியர்.

அவர் சேற்றில் விழுந்து, எழுந்து, ஓடினார். தூரத்தில் அருள்செல்வி பேச்சை நிறுத்தினாள். களைத்தவளைப்போல வலப்பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அவள் தலை கீழே சரியவில்லை. ஒரு தோளின் உயரத்தில், வெறும் காற்றில், அப்படியே படிந்து நின்றது.