வாண்டு உயரம்

துறுதுறுவுக்கு ஒரு நல்ல பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் உட்காராத பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அன்று கார் ஷோரூமில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. அப்பாவும் நிலைகொள்ளாமல்தான் இருந்தார். அவர் ரயில் ஓட்டுநர். மாலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் நான்கு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். பழைய காரோ இந்த மாதம் மட்டும் மூன்று முறை நடுரோட்டில் படுத்துவிட்டது. கிளம்புவதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

அப்பாவின் கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் பதினேழு கேள்விகள். டிக்கியில் எத்தனை பை வைக்கலாம், ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும், இப்படி. டை கட்டிய விற்பனைக்கார அண்ணன் பதில் சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொன்றாக டிக் போட்டார்.

அவர் கண் வைத்திருந்தது ஒரு சிவப்பு எஸ்யூவி மேல். நீளம் குறைவு, உயரம் அதிகம்.

"உயரமா உட்கார்ந்தாத்தான் பாதை நல்லாத் தெரியும்," என்றார் அப்பா.

"இது ரயில் இல்லீங்க. தினமும் ஓட்டப்போறது நான்," என்றார் அம்மா.

அம்மா மருத்துவமனையில் செவிலியர். குளுக்கோஸ் பாட்டில் மாட்டவே முக்காலி போட்டு ஏறுகிறவர்.

"எந்தப் பக்கம் ஓட்டிப் பார்க்கணும், மேடம்?" என்று கேட்டார் டை அண்ணன்.

"நான் தினமும் போற வழியிலதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அப்புறம் எங்க வீட்டு வாசல்."

அம்மா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார், பக்கத்தில் டை அண்ணன். துறுதுறு பின்சீட்டில் ஏறினாள். இடப்பக்கம் உட்கார்ந்தாள். வலப்பக்கம் நகர்ந்தாள். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்போதுதான் டை அண்ணன் திரும்பி, "மேல ஒரு பட்டன் இருக்கு பாரு, அழுத்து," என்றார்.

அழுத்தினாள். கூரையில் இருந்த கண்ணாடி மெல்லப் பின்னால் நகர்ந்தது. காருக்குள் வானம் வந்துவிட்டது.

துறுதுறு அசையவில்லை. தலையைச் சாய்த்து மேகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி தாண்டியும் அப்படியே இருந்தாள்.

"என் பொண்ணு பத்து நிமிஷமா ஒரே இடத்துல இருக்கா. இதுக்காகவே வாங்கலாம்," என்றார் அப்பா.

வீட்டு வாசல் வந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அம்மா வாசலில் காரை நிறுத்தி இரண்டு முறை ஹார்ன் அடிப்பார். துறுதுறுவின் தம்பி, மூன்று வயது வாண்டு, ஓடி வந்து காரின் மூக்கைத் தொட்டு, "தொட்டுட்டேன்," என்பான். பிறகு போய்ப் படியில் ஏறி நிற்பான். அவன் ஏறி நின்றதைப் பார்த்த பிறகுதான் அம்மா காரை உள்ளே விடுவார்.

அம்மா இரண்டு முறை ஹார்ன் அடித்தார்.

துறுதுறு பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு காலில் மட்டும் செருப்போடு வாண்டு ஓடி வந்தான். காருக்கு முன்னால் போனான். அதோடு காணாமல் போனான்.

"எங்க, இன்னும் காணோம்? தூங்கிட்டான் போல," என்றபடி அம்மா பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனார்.

"தொட்டுட்டேன்."

குரல் கூரை வழியாக வந்தது. அம்மாவின் கால் பிரேக்கை அழுத்தி நின்றது.

"எப்ப வந்தான் இவன்?" அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அவன் எப்பவும் இப்படித்தானே, மின்னல் மாதிரி," என்று அப்பா சிரித்தார். வீட்டில் வாண்டுவைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி ஈரக் கையோடு ஓடி வந்து, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிவப்புக் காரைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பேசினார்கள். மணியாகிவிட்டது என்று அப்பா அவசரப்படுத்தினார்.

திரும்பி வரும்போது துறுதுறுவால் உட்காரவே முடியவில்லை. காலை ஆட்டினாள். சீட் பெல்ட்டைத் திருகினாள்.

கூரை திறந்திருந்ததால்தானே குரல் கேட்டது? மழை பெய்தால் கூரையை மூட வேண்டும். உள்ளே பாட்டு ஓடினால்?

நிமிர்ந்து பார்த்தாள். வானம் நீலமாக, அழகாக இருந்தது. சொன்னால் இந்த வானம் போய்விடும். சொல்லாவிட்டால்? பயமாக இருந்தது. வானத்தை நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஷோரூமில் அப்பா பதினேழாவது டிக்கைப் போட்டுவிட்டு, கையெழுத்துப் போடும் தாளை இழுத்தார்.

துறுதுறு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"உன்னால ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாதாம்மா?"

"முடியலப்பா. அம்மா, நீ கொஞ்சம் கார்ல ஏறி உட்காரேன். கண்ணாடியெல்லாம் மூடிக்கோ."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். போய் ஏறினார்.

வாண்டுவின் தலை துறுதுறுவின் சட்டையில் மூன்றாவது பொத்தான் வரைக்கும்தான் வரும். அவள் அந்தப் பொத்தானில் கை வைத்து, அதே உயரத்தில் காரைத் தொட்டுப் பார்த்தாள். முன்விளக்கின் மேல்விளிம்பு. தலை அந்த விளிம்புக்கு வரும்வரை முழங்காலை மடக்கினாள். காரின் மூக்கில் கை வைத்தாள்.

"தொட்டுட்டேன்," என்றாள்.

உள்ளே அம்மா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். வெளியே நின்ற அப்பாவுக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவும், அம்மாவுக்குத் தெரியாத துறுதுறுவும்.

அப்பா பேனாவை மூடினார்.

துறுதுறு மெல்ல எழுந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"சீட்டை ஏத்திக்கலாம், மேடம்," என்றார் டை அண்ணன். ஏற்றினார்கள். இப்போது அம்மாவின் கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

"முன்னாடி கேமரா வெச்சுக்கலாம். திரையில தெரியும்."

"வேணாம் தம்பி. வாசல்ல என் பிள்ளை நின்னா என் கண்ணுக்கு நேரா தெரியணும்."

டை அண்ணன் சிவப்புக் காரின் முன்விளக்கு விளிம்பில் கை வைத்தார். "எங்க வீட்லயும் இந்த உயரத்துல ஒருத்தி இருக்கா, மேடம்," என்றார். பிறகு வேறொரு சாவியை எடுத்து வந்தார்.

மூலையில் சாம்பல் நிறத்தில் இன்னொரு எஸ்யூவி நின்றது. உயரம் கொஞ்சம் குறைவு. பானெட் முன்பக்கமாக நன்றாகச் சரிந்திருந்தது. கூரை வெறும் கூரைதான்.

"வானம் இல்லையேம்மா, பரவாயில்லையா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

துறுதுறு சிவப்புக் காரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "ஜன்னல்ல சாஞ்சா கொஞ்சம் தெரியும்ப்பா."

அப்பா நோட்டைத் திறந்து, பதினேழு கேள்விகளுக்கும் மேலே இருந்த இடத்தில் ஒரு வரி எழுதினார்: 'வாண்டு தெரிகிறானா?'

அம்மா சாம்பல் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். துறுதுறு மூன்றாவது பொத்தானில் கை வைத்து அளந்து, முழங்காலை மடக்கி, காரின் மூக்கைத் தொட்டாள். சத்தமே போடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"ரிப்பன் தெரியுது. நெத்தி தெரியுது. நீ முழிக்கிற முழியும் தெரியுது," என்றார் அம்மா. "போய்ப் படியில ஏறி நில்லு, நான் வண்டியை எடுக்கணும்."